இரவல் நிரலும் இசைவுச் சீட்டும்

கணினியை இயக்குவதற்காக மனிதர் எழுதிவைக்கும் கட்டளைத் தொடரை நிரல் என்பர். அந்நிரலைப் பூட்டி வைக்காமல், படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் எல்லாருக்கும் உரிமை தந்து வெளியிட்டால் அது கட்டற்ற மென்பொருள் எனப்படும். இவ்விளக்கத்தைக் கேட்ட அளவில், ஒரு திட்டத்தார் எழுதிய நிரலை மற்றொரு திட்டத்தார் எடுத்தாள்வதில் தடை என்ன இருக்க முடியும் என்றே எவருக்கும் தோன்றும். ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் மொள்ள யாரைக் கேட்க வேண்டும்? ஆயினும் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்தது வேறு. கதவு திறந்திருந்தும் உள்ளே நுழையச் சீட்டுக் கேட்டு நின்றவர் பலர். அச்சீட்டு எப்படி எழுந்தது, எப்படித் தடித்தது, பின்னர் எப்படி ஒற்றை வரியாகச் சுருங்கிற்று என்பது அறியத்தக்க வரலாறு.

சட்டத்தின் பார்வையில் நிரலும் ஓர் எழுத்துப் படைப்பே. எழுதிய கணத்திலேயே அதன் பதிப்புரிமை எழுதியவரைச் சேர்ந்துவிடுகிறது. அவர் தரும் உரிமம் எந்த அளவுக்கு இடங்கொடுக்கிறதோ அந்த அளவுக்கே பிறர் அதனை ஆளலாம். நூறு பேர் கூடி எழுதிய நிரலில் நூறு பேருக்கும் உரிமை உண்டு. பாடத்திரட்டு ஒன்றைத் தொகுத்த தமிழாசிரியருக்கு இந்நிலை புதிதன்று. கட்டுரை ஒருவருடையது, செய்யுள் ஒருவருடையது, படம் ஒருவருடையது. ஒருவர் இசையாவிட்டாலும் அந்தப் பக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

அமெரிக்க நிரலறிஞர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். எவருக்கும் அடிமைப்படாத முழு இயங்குதளம் ஒன்றை உருவாக்குவதே அதன் நோக்கம். அதன் முதற்பணிகளுள் ஒன்று ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் தொகுப்பு நிரல். அதில் திரையைப் புதுப்பிக்கும் பகுதிக்கு, ஜேம்ஸ் கோஸ்லிங் என்பார் முன்னரே எழுதிய ஈமாக்ஸிலிருந்து சில பகுதிகளை ஸ்டால்மன் எடுத்துக்கொண்டார். அதற்கு இசைவு உண்டு என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பியே அவ்வாறு செய்ததாக அவர் பின்னர் விளக்கினார். கோஸ்லிங்கோ தம் நிரலின் விற்பனை உரிமையை யூனிபிரஸ் என்னும் நிறுவனத்துக்குத் தந்துவிட்டிருந்தார். அந்நிறுவனம் தடை சொல்லவே, 1985ஆம் ஆண்டில் அப்பகுதிகளை அறவே நீக்கி, ஸ்டால்மன் தாமே புதிதாக எழுதிச் சேர்த்தார். வாய்ச்சொல்லை நம்பி இரவல் வாங்கியதற்கு அவர் கொடுத்த விலை அது.

அதே 1985இல் அவர் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, இத்தகைய ஐயத்துக்கே இடமில்லாத ஒரு முறையை மேற்கொண்டது. ஈமாக்ஸ் போன்ற முக்கிய நிரல்களுக்குப் பங்களிக்க விரும்புவோர் தம் பதிப்புரிமையையே அறக்கட்டளைக்கு எழுதித் தர வேண்டும். அவர் எங்கேனும் பணிபுரிபவரானால், அவருடைய முதலாளியும் தமக்கு அந்நிரலில் உரிமை இல்லை என்று கையொப்பமிட வேண்டும். உரிமை ஒரே கையில் இருந்தால்தான் மீறுவோர்மீது வழக்குத் தொடுப்பது எளிது என்பது அறக்கட்டளை கூறிய காரணம். காரணம் பொருத்தமானதே. ஆனால் தாளும் மையும் அஞ்சலும் கொண்டு நடந்த இந்த ஏற்பாடு, பிற்காலத்தில் எதிர்பாராத இடத்தில் முட்டுக்கட்டையாயிற்று.

1990களின் தொடக்கத்தில் லூசிட் என்னும் கலிபோர்னிய நிறுவனத்தார் தம் தேவைக்காக ஈமாக்ஸைத் திருத்தி வளர்த்தனர். குனூ திட்டத்தாருடன் கருத்து வேறுபாடு முற்றவே, 1992இல் தமது பதிப்பைத் தனியே வெளியிட்டனர். அதுவே 1994இல் எக்ஸீமாக்ஸ் எனப் பெயர் மாறிற்று. பிரிவுக்கு அமைப்பு முறை பற்றிய வேறுபாடும் மனத்தாங்கலும் காரணங்கள்தாம். ஈண்டு கருதத்தக்கது வேறொன்று. இரண்டு ஈமாக்ஸுகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் உரிமம் ஒன்றே, குனூ பொது உரிமம். அவ்வுரிமத்தின்படி ஒன்றின் நிரலை மற்றொன்று எடுத்தாளச் சட்டத்தடை சிறிதும் இல்லை. எக்ஸீமாக்ஸார் அவ்வாறே குனூவிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டனர். எதிர்த்திசையில்தான் வழி அடைபட்டது. எக்ஸீமாக்ஸை எழுதியோர் பலர். அவர் எல்லாரிடமும் கையொப்பத் தாள் பெற்றிருக்கவில்லை. தாள் இல்லாத நிரலைச் சேர்க்க இயலாது என்று ஸ்டால்மன் உறுதியாக நின்றார். விளைவாக, ஒருசாரார் செய்து முடித்த வேலையை மறுசாரார் மீண்டும் முதலிலிருந்து எழுத நேர்ந்தது. உரிமம் வழிவிட்டும் நடைமுறை வழிமறித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதே காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் வேறொரு வகைப் போராட்டம் நடந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பெர்க்லி அறிஞர்கள் பல ஆண்டுகளாக வளப்படுத்தி வந்தனர். ஆனால் அவர்கள் சேர்த்தவற்றைப் பெறவும் அந்நிறுவனத்தின் உரிமத்துக்குப் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. 1989ஆம் ஆண்டு ஜூனில், வலைத்தொடர்பு தொடர்பான தம் சொந்த நிரல்களை மட்டும் பிரித்து, எளிய உரிமத்தின்கீழ்ப் பெர்க்லியார் வெளியிட்டனர். முதல் வலையமைப்பு வெளியீடு என்பது அதன் பெயர். அது வரவேற்புப் பெற்றதும் கெயித் பாஸ்டிக் என்பார் ஒரு துணிவான யோசனையை முன்வைத்தார். யூனிக்ஸின் பயன் நிரல்களை எல்லாம், மூலத்தைப் பாராமல், வெளியிடப்பட்ட விளக்கங்களை மட்டும் கொண்டு புதிதாக எழுதுவிப்பது என்பதே அது. வலைவழியாகவும் கருத்தரங்குகளிலும் அவர் தன்னார்வலரைத் திரட்டினார். ஊதியம் என்று எதுவும் இல்லை. எழுதிய நிரலுக்கு அருகே எழுதியவர் பெயர் இடம்பெறும் என்ற ஒன்றே கைம்மாறு. ஒன்றரை ஆண்டுக்குள் முக்கியமான நிரல்களும் நூலகங்களும் பெரும்பாலும் எழுதி முடிக்கப்பட்டன.

பின்னர் பாஸ்டிக், மைக் கேரல்ஸ், கிர்க் மக்கூசிக் ஆகிய மூவரும் இயங்குதளத்தின் உட்கருவைக் கோப்புக் கோப்பாக, வரி வரியாக ஆராய்ந்து, பழைய யூனிக்ஸிலிருந்து வந்தவற்றைக் களைந்தனர். இறுதியில் ஆறே கோப்புகள் எஞ்சின. அவை இல்லாமலே மீதியை வெளியிட முடிவு செய்தனர். இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி சுவையானது. புதிய வெளியீட்டுக்குப் புதிய பெயர் சூட்டவே அவர்கள் முதலில் எண்ணினர். ஆனால் புதுப்பெயருக்குப் புது உரிமம் வேண்டும். அதனைப் பல்கலைக்கழகச் சட்ட அறிஞர்கள் எழுதி ஒப்புதல் தருவதற்குள் காலம் வீணாகும். முன்னரே ஒப்புதல் பெற்ற உரிமத்தைச் சற்றே திருத்தினால் வேலை விரைவில் முடியும் என்று கண்டு, இரண்டாம் வலையமைப்பு வெளியீடு என்றே பெயரிட்டு 1991 ஜூனில் வெளியிட்டனர். வலையமைப்பைக் கடந்து ஏறத்தாழ ஓர் இயங்குதளம் முழுவதையுமே அடக்கிய தொகுதிக்கு அப்பெயர் பொருந்தவில்லைதான். அலுவலகப் படிக்கட்டுகளை ஏறியிறங்கிய அனுபவம் உள்ளவர்கள் அதன் பொருத்தத்தை உடனே உணர்வர்.

எஞ்சிய ஆறு கோப்புகளுக்கு ஈடாகப் பில் ஜோலிட்ஸ் என்பவர் புதியவற்றை எழுதிச் சேர்த்து, 1992இல் முழு இயங்குதளமாக்கி வெளியிட்டார். ஆனால் அதே ஆண்டில், பெர்க்லி நிரலை விற்கத் தொடங்கிய ஒரு நிறுவனத்தின்மீது ஏடி அண்ட் டியின் கிளை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பின்னர்ப் பல்கலைக்கழகமும் அதற்குள் இழுக்கப்பட்டது. 1994 தொடக்கத்தில் வழக்கு இணக்கமாக முடிந்தது. ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க நேர்ந்தவை மூன்று. சுமார் 70 கோப்புகளில் மறுதரப்பின் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்க்க ஒப்புக்கொள்ளப்பட்டது. மூவரும் வரி வரியாகப் பார்த்த பார்வை வீண்போகவில்லை என்பதற்கு அந்த எண்ணிக்கையே சான்று. ஆனால் வழக்கு நடந்த காலமெல்லாம் அந்நிரலை எடுத்தாள்வோர் மனத்தில் அச்சம் குடிகொண்டிருந்தது. அவ்விடைவெளியில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் வேரூன்றிவிட்டது.

பெர்க்லி உரிமம் எளியதாயினும் அதில் ஒரு முள் இருந்தது. இந்நிரலைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்வோர், அவ்விளம்பரத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரையும் நன்றியோடு சுட்ட வேண்டும் என்பது அதன் ஒரு விதி. ஒரு வரிதானே என்று தோன்றும். ஆனால் பிறரும் அவ்விதியைப் படியெடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்த இடத்தில் தத்தம் பெயரை இட்டுக்கொண்டனர். 1997ஆம் ஆண்டின் நெட்பிஎஸ்டி இயங்குதளத்தில் இத்தகைய வாசகங்கள் 75 இருந்ததை ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். திருமண அழைப்பிதழில் உற்றார் பெயரெல்லாம் அச்சிட்டு மணமக்கள் பெயருக்கு இடமில்லாமற் போனது போன்ற நிலை. மேலும் இவ்விதி குனூ பொது உரிமத்தோடு பொருந்தாததால், இவ்விரு வகை நிரல்களையும் ஒன்று சேர்க்கவும் இயலவில்லை. 1999 ஜூலையில் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அவ்விதியை நீக்கியது. ஓர் அலுவலர் எழுதிய ஒரு கடிதத்தால், பல்கலைக்கழகத்துக்கு உரிமையான நிரல் முழுவதற்கும் தடை ஒரே நாளில் அகன்றது. உரிமையாளர் ஒருவராயிருந்தால் கிட்டும் வசதி அது.

உரிமையாளர் பலரானால் என்னாகும் என்பதை மொசில்லா காட்டிற்று. நெட்ஸ்கேப் நிறுவனம் தன் வலை உலாவியின் மூலநிரலை 1998 மார்ச் 31ஆம் நாள் உலகுக்குத் திறந்துவிட்டது. அதற்கெனப் புதிதாக எழுதிய உரிமம் குனூ பொது உரிமத்தோடு இணங்கவில்லை. அத்தடையைப் போக்க, மூன்று உரிமங்களுள் எதன்கீழும் நிரலை ஆளலாம் என மாற்ற 2001இல் முனைந்தனர். அதற்குள் நூற்றுக்கணக்கானோர் அந்நிரலில் கைவைத்திருந்தனர். ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து இசைவு பெற வேண்டியதாயிற்று. முகவரி மாறியோர், வேலை மாறியோர், இருக்குமிடமே தெரியாதோர் எனப் பலரையும் தேடித் தேடி, 2006 மார்ச்சில்தான் பணி நிறைவெய்தியது. நிரல் எழுதிய காலத்தில் ஒரு வரி கேட்டிருந்தால் போதும். கேட்காததால் ஆண்டுக்கணக்கான உழைப்பு செலவாயிற்று.

கேட்க வேண்டியதை எழுதும்போதே கேட்டுவிடுவது என்னும் தெளிவு ஒரு பெரும் வழக்கின் அதிர்ச்சியிலிருந்தே பிறந்தது. 2003 மார்ச்சில் எஸ்சிஓ என்னும் நிறுவனம், தன்னுடைய யூனிக்ஸ் நிரலை ஐபிஎம் நிறுவனம் லினக்ஸில் புகுத்திவிட்டது என்று கூறி, நூறு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. இந்த வரி எங்கிருந்து வந்தது, யார் தந்தது என்று எவரேனும் கேட்டால் லினக்ஸார் பழைய அஞ்சல்களைத் துழாவிப் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டியிருந்தது. அறக்கட்டளையைப் போல் ஒவ்வொருவரிடமும் கையொப்பத் தாள் வாங்குவதானால், ஆயிரக்கணக்கானோர் அனுப்பும் சிறு சிறு திருத்தங்களின் ஓட்டமே நின்றுவிடும்.

டோர்வால்ட்ஸ் 2004 மே மாதம் இடைவழி ஒன்றை அறிவித்தார். நிரல் தோற்றச் சான்று என்பது அதன் பொருள். திருத்தம் அனுப்புவோர் அதன் அடியில் தம் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கொண்ட ஒப்ப வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவ்வரிக்கு மூன்றில் ஒரு பொருள் உண்டு. இதனை எழுதியவன் நானே, தரும் உரிமை எனக்கு உண்டு என்பது ஒன்று. தக்க கட்டற்ற உரிமம் உடைய பிறர் நிரலின் அடிப்படையில் இது அமைந்தது, அவ்வுரிமத்தின்படி தருகிறேன் என்பது இரண்டு. இவ்வாறு சான்று தந்த ஒருவர் என்னிடம் கொடுத்ததை மாற்றாமல் அனுப்புகிறேன் என்பது மூன்று. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஊன்றி நோக்குக. ஒரு திட்டத்து நிரல் மற்றொரு திட்டத்துக்குச் செல்வதற்கான வழி, தனி விண்ணப்பமோ தனிக் குழுவோ இன்றி, அந்த ஒற்றை வரிக்குள்ளேயே அமைந்துவிட்டது. திருத்தம் பல கைகள் மாறி வரும்போது ஒவ்வொருவரும் தத்தம் ஒப்ப வரியைச் சேர்ப்பதால், அது வந்த வழி முழுவதும் அதனோடே பதிவாகிறது. ஓலைச்சுவடி பெயர்த்தெழுதியோர் சுவடியின் இறுதியில் ஆண்டும் நாளும் இட்டுத் தம் பெயரையும் எழுதி முடித்த வழக்கத்தைச் சுவடி ஆராய்ந்தோர் அறிவர். பாடம் எந்தக் கைவழி வந்தது என்பதை அவ்வரியே பிற்காலத்தார்க்குச் சொல்லிற்று.

எஸ்சிஓவின் வழக்கோ தேய்ந்துகொண்டே போயிற்று. யூனிக்ஸின் பதிப்புரிமை நோவெல் நிறுவனத்தையே சேர்ந்தது என்று 2010இல் நடுவர் குழு முடிவு செய்தது. ஐபிஎம் வழக்கு 2021இல் 1.425 கோடி டாலர் இணக்கத் தொகையோடு முடிந்தது. வழக்கு ஓய்ந்தபின்னும் ஒப்ப வரி நிலைத்துவிட்டது.

இசைவு எளிதானதும் வேறொரு குறை தலைகாட்டிற்று. 2007இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட கம்பியில்லாத் தொடர்புக் கருவி நிரல் ஒன்றை லினக்ஸுக்குக் கொணர முயன்றபோது, மூல ஆசிரியரின் உரிமக் குறிப்பை எடுத்துவிட்டுக் குனூ பொது உரிமத்தை அதனிடத்தில் வைக்கும் திருத்தம் ஒன்று முன்மொழியப்பட்டது. எடுத்தாள உரிமம் இடந்தந்தது. குறிப்பை அழிக்க இடந்தரவில்லை. ஓபன்பிஎஸ்டி தரப்பில் கடுஞ்சினம் எழுந்தது, அது நேரியதும்கூட. அவ்வாண்டு செப்டம்பரில் மென்பொருள் விடுதலைச் சட்ட மையம் வழிகாட்டுரை ஒன்றை வெளியிட்டு, இரவல் கோப்பின் பழைய குறிப்பை உள்ளபடியே காத்து, புதிய ஆசிரியரின் பெயரை அதனோடு சேர்ப்பது எவ்வாறு என விளக்கிற்று. சீட்டுத் தேவையில்லை என்பதால் பெயரும் தேவையில்லை என்றாகிவிடாது.

உரிமங்களே ஒன்றோடொன்று பகைத்து நின்றால் ஒப்ப வரியாலும் பயனில்லை. சன் நிறுவனம் 2005இல் திறந்துவிட்ட செட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறையை ஃப்ரீபிஎஸ்டி தன் 2008ஆம் ஆண்டு வெளியீட்டில் ஏற்றுக்கொண்டது. உரிமம் பொருந்தாததால் லினக்ஸின் உட்கருவில் அது இன்றளவும் இடம்பெறவில்லை. இதற்கு மாறாக, அப்பாச்சி அறக்கட்டளை 2004இல் வெளியிட்ட இரண்டாம் உரிமம், வேறாகச் சொல்லாதவரை தரப்படும் பங்களிப்பும் அதே உரிமத்தின்கீழ் வந்ததாகவே கொள்ளப்படும் என்று தனக்குள்ளேயே எழுதிக்கொண்டது. 2007இல் வந்த குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு அதனோடு இணங்குமாறு அமைக்கப்பட்டது. ஆயினும் வழி ஒருதிசைப்பட்டதே. அப்பாச்சி நிரல் குனூ உரிம நிரலுக்குள் செல்லலாம், மறுதலையாகச் செல்லாது.

எளிமையை நாடுவோர் எல்லை கடப்பதும் உண்டு. இணையப் பரிமாற்றத்தின் மறைப்புக்கு உலகெங்கும் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், பெர்க்லி கைவிட்ட அதே விளம்பர விதி நெடுநாள் தங்கியிருந்தது. அதனைக் களைந்து அப்பாச்சி உரிமத்துக்கு மாற விரும்பி, 2017 மார்ச்சில் நானூறு பேரளவில் பங்களிப்பாளர்களுக்கு மடல் அனுப்பினர். மறுமொழி வராவிடில் மறுப்பில்லை என்று கொள்வோம் என்ற கருத்து அம்மடலில் இருந்தது. மௌனம் சம்மதம் என்பது மணப்பெண்ணைக் குறித்த பழமொழியாக இருக்கலாம், பதிப்புரிமைச் சட்டத்துக்கு அது ஒவ்வாது. ஓபன்பிஎஸ்டியின் தலைவர் தியோ டி ராட் உட்படப் பலர் வன்மையாகக் கண்டித்தனர். மறு ஆண்டு மார்ச்சில், இன்னும் கண்டுபிடிக்க முடியாதோரின் பெயர்களை வெளிப்படையாக இட்டு, அவர்களைத் தேடித் தருமாறு திட்டத்தார் வேண்டினர். புதிய உரிமத்தோடு மூன்றாம் பதிப்பு வெளிவந்தது 2021 செப்டம்பரில்.

அதே 2021ஆம் ஆண்டு ஜூனில், குனூவின் நிரல்பெயர்ப்பியான ஜிசிசியின் வழிநடத்துங் குழு, பதிப்புரிமையை அறக்கட்டளைக்கு எழுதித் தருவது இனிக் கட்டாயமன்று, லினக்ஸாரின் ஒப்ப வரியும் போதும் என்று அறிவித்தது. குனூவின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சியும் ஆகஸ்டில் அவ்வழியைப் பின்பற்றியது. ஈமாக்ஸோ பழைய நெறியை விடவில்லை. அதற்கு நிரல் தருவோர் இன்றும் உரிமையை எழுதித் தர வேண்டும். சுமார் பதினைந்து வரிக்கு உட்பட்ட சிறு திருத்தங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.